ஜன்னலைச் சாத்திய பகிடி

2000ஆம் ஆண்டு நவம்பர். கனடாவில் தேர்தல் காலம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தோம். சிபிசி தொலைக்காட்சியின் பகிடி நிகழ்ச்சி ஒன்றில் ரிக் மெர்சர் என்ற நியூஃபவுண்ட்லாந்துக்காரர் வருவார்.

வாக்காளரில் 3 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் பொதுசன வாக்கெடுப்பு நடத்தலாம் என்பது கனேடியன் அலையன்ஸ் கட்சியின் யோசனை. அப்படியென்றால் அதன் தலைவர் ஸ்டொக்வெல் டே தன் முதற்பெயரை 'டோரிஸ்' என்று மாற்றவும் வாக்கெடுப்பு வைப்போம் என்று மெர்சர் கையெழுத்துக் கேட்டார். டோரிஸ் டே பழைய ஹொலிவூட் நடிகை! இணையத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் குவிந்தன.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் எழும்பிப்போய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஏன் அப்பா? நவம்பர் குளிருக்குள்ள ஆர் திறந்து வைப்பினம்?"

ஊரில் தலைவர்களைப் பற்றிய பகிடியை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வோம். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

மெர்சருக்கு ஒன்றும் நடக்கவில்லை. டேயும் அதைப் பகிடியாகவே எடுத்தார். ஜனநாயகம் என்றால் வாக்குப்பெட்டி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த கிழமை நானும் மகனோடு இருந்து சிரித்தேன். பொய் சொல்வானேன், ஜன்னலை ஒருமுறை பார்த்தேன்தான்.