கடலைத் துரத்திப் போகும் துறைமுகங்கள்

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்று பெயர். சென்னையிலிருந்து வரும் ரயிலுக்கும் அதே பெயர்தான். ஆனால் இங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அந்த வருஷம் பிறந்தவர்களுக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது.

மணப்பாடு வரைக்கும் ஒரு நாள் பைக்கில் போய்வர நினைத்தேன். ஒரு பக்கத்துக்கு சுமார் 60 கி.மீ. விரட்டினால் ஒன்றரை மணி நேரம். நான் பதினோரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் முதல் நிறுத்தம் திரேஸ்புரம். சங்கு குளிக்கிறவர்களின் வள்ளங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவரிடம் முத்தைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க அப்பா காலம், தம்பி. இப்பம் சங்குதான். அதுவும் கொல்கத்தாவுக்குப் போயிரும்" என்றார். அங்கே கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையலுக்கு இங்கத்துச் சங்கைத்தான் அறுக்கிறார்கள்.

அவர் அப்பா காலத்து வேலை லேசானதல்ல. பாறாங்கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பார்' எனப்படும் சிப்பித்திட்டு வரைக்கும் இறங்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கூடையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். சுறா பயம் வேறு. அதை மந்திரத்தால் கட்டிப்போடக் 'கடல்கட்டி' என்று தனியாக ஆள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அப்படி மந்திரம் போட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அள்ளிய சிப்பியை உடனே திறக்க மாட்டார்கள். கரையில் குவித்து அழுகவிட்டு, புழு தின்ற பிறகு கழுவித்தான் முத்தைத் தேடுவார்கள். ராணிகளின் கழுத்துக்குப் போன பொருளுக்கு இப்படியொரு நாற்றம் பிடித்த பிறப்பு!

பனிமய மாதா கோயிலைத் தாண்டிப் பழைய துறைமுகம். மரத்தோணிகளில் இன்னும் சரக்கு ஏறுகிறது. இங்கே கரையோரம் ஆழம் போதாது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்திலும் கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. நடுவில் ஓடியது தோணி. 1974-இல் திறந்த புதிய துறைமுகத்துக்காக, தலா சுமார் நாலு கி.மீ. நீளமுள்ள இரண்டு கல்லணைகளைக் கடலுக்குள் நீட்டி ஆழத்தை எட்டிப்பிடித்தார்கள். கடல் வராவிட்டால் நாம் போவோம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். எவ்வளவு காலமாக என்பதைத் தெற்கே போனால்தான் புரிந்துகொள்ள முடியும்.

முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்கப் படலம் படிகிறது. பாத்திக்குள் வெறுங்காலோடு நின்று உப்பு வாரும் பெண்களுக்கு வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கிறது. ராஜம் கிருஷ்ணன் இவர்களோடு பழகி எழுதிய நாவல் 'கரிப்பு மணிகள்'. ரோட்டோரத்தில் கீற்று போர்த்திய உப்பு அம்பாரங்கள் தூரத்தில் குடிசை வரிசை போலத் தெரிந்து ஏமாற்றும். முத்து நகரம் என்பதைவிட உப்பு நகரம் என்று பெயர் வைத்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

பழையகாயல் பக்கம் வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே கொற்கைக்குத் திரும்பினேன். வாழைத் தோப்பு, வயல், ஒரு குளம், குளக்கரையில் வயசு தெரியாத ஒரு வன்னிமரம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இதுதான். கிரேக்க மாலுமியின் கையேடான பெரிப்ளூஸ் 'கொல்கோய்' என்று குறிப்பிடும் ஊர். ஈஸ்வரன் கோயிலுக்கு 'அக்கசாலை' என்று பெயர். நாணயம் அடித்த இடத்தின் பெயர் சாமிக்கு ஒட்டிக்கொண்டது. வயலில் உழுதால் சங்குத் துண்டு கிடைக்கிறது. கடல் மட்டும் ஏழெட்டு கி.மீ. தள்ளிப் போய்விட்டது.

காரணம் தாமிரபரணி. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் கடலைத் தள்ளித் தள்ளி வைத்தது. கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ பார்த்த காயல் இன்றைய பழையகாயல்தான் என்றார் கொற்கையிலும் அங்கேயும் தோண்டிப்பார்த்த கால்டுவெல். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், காயல்பட்டினம், கடைசியில் தூத்துக்குடி. ஊர் மாறினாலும் தொழில் மாறவில்லை.

காயல்பட்டினத்தில் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போனேன். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் 'முடுக்கு' என்ற சந்துகள் பெண்கள் நடமாடுவதற்கு. அந்நிய ஆண்பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய ஊர் இது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை ஒருவர் கையை உயர்த்திக் காட்டினார்.

திருச்செந்தூரில் கூட்டம். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். குலசேகரன்பட்டினத்தை இதுவரை தசரா வேஷத்துக்குத்தான் தெரியும், இனி ராக்கெட்டுக்கும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு எரிபொருளை வீணாக்க வேண்டும். இங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். அந்தக் காலத்தில் கப்பலுக்கு இடம் பார்த்த மாதிரியேதான் இதற்கும் பார்த்திருக்கிறார்கள்.

மணப்பாட்டில் சாயங்காலம். மணல் மேட்டின் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே, பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அசையாத காயல், நடுவில் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் மணல் திட்டு.

கீழே இறங்கிப் போனபோது, நாலு பேர் ஒரு ஃபைபர் படகை அந்தத் திட்டின் குறுக்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். "முந்தி இங்கனதான் அண்ணாச்சி தண்ணி கெடந்துச்சு" என்றார் பக்கத்தில் தள்ளியவர், காலடி மணலைக் காட்டி. படகு தண்ணீரைத் தொட இன்னும் முப்பது நாற்பது அடி இருந்தது.