சித்தப்பாவின் தைலமரத் தோப்பு

சித்தப்பா தைலமரத்தில் பணத்தைப் போட்டு ஏமாந்துபோனார் என்பது எங்கள் வீட்டுக் கதை. பூரணாங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். கல்யாணம் காட்சியில் நாலு பேர் கூடினால் ஆயா ஆரம்பித்துவிடுவாள். “படிச்ச புள்ள, எவன் பேச்சையோ கேட்டு மரத்துல கொண்டுபோய் கொட்டினான்.” 2012-இல் அவர் தவறிப்போனார். அதன்பிறகு இந்தக் கதைக்கு மறுப்புச் சொல்ல ஆள் இல்லை.

கதைக்கு ஆதாரம் அவருடைய நீல அட்டை நோட்டில் இருந்த ஒரு வரி. “யூகலிப்டஸ் – 2 நோட் – 18,000 கொடுத்தாச்சு.” அப்பா இதை, தலைக்கு ஒன்பதாயிரமாக இரண்டு புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு தோப்புக்காரனிடம் பணம் கொடுத்திருக்கிறான் என்று படித்தார். அந்த நோட்டுகளைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததும் உண்டு.

எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. சித்தப்பா ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். சொந்தக் கழனியின் வரப்பில்கூட நின்று நான் பார்த்ததில்லை. அந்த மனிதருக்குத் தைலமரம் எதற்கு? போன வருஷம் பொங்கலுக்கு ஆயா மறுபடி ஆரம்பித்தபோது, அந்தத் தோப்பு எங்கேதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன்.

நாலு மாதம் அலைந்தேன். எங்கள் பக்கம் கடலோரம் முழுக்கச் சவுக்குதான். தைலமரம் வேண்டுமென்றால் உள்ளே, செம்மண் பக்கம் போக வேண்டும். சித்தப்பா பெயருக்கு வில்லங்கம் போட்டேன், ஒன்றுமில்லை. குத்தகையாக இருக்கலாம் என்று சிலர் சொன்னதால் மரவாடி மரவாடியாகப் போய்க் கேட்டேன். ஒருவர் கடலூர்ப் பக்கம் போகச் சொன்னார். அங்கே ஒரு மர வியாபாரி நோட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “மரம்னா டன்னுக் கணக்கு இருக்கணும், ஏக்கர் இருக்கணும். இதுல ரெண்டும் இல்லியே. இது மரக்கணக்கு இல்ல தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். நாலு மாதத்தில் கிடைத்த ஒரே உருப்படியான சொல் அது.

அன்றிரவு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதுவரை யாருமே, நான் உட்பட, நோட்டை முழுதாகப் படித்ததில்லை. யூகலிப்டஸுக்குக் கீழே “வால்ரஸ் – இடம் பத்தலை” என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி “கோலா சிடி தேய்ந்துவிட்டது, வேறு எழுதணும்.” பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள், “கோலா கரடி யூகலிப்டஸ் இலையைத்தான் மாமா திங்கும், எங்க பாடத்துல இருக்கு” என்றாள். வால்ரஸ் என்றால் தந்தம் வைத்த கடல் விலங்காம். கடைசிப் பக்கங்களில் “நோவா” என்று வருகிறது. அந்தப் பைபிள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை, தம்பி வேதத்தில் சேர்ந்துவிட்டானோ என்று கலங்கியிருக்கிறாள்.

பின்னட்டை உறைக்குள் ஒரு சிடி இருந்தது. மேலே மார்க்கர் பேனாவில் சித்தப்பாவின் கையெழுத்து: “உபுண்டு 9.10 கார்மிக் கோலா. மேகம்.”

தோப்பைத் தேடியது அதோடு நின்றது.

உபுண்டு என்பது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் என்பது வரை எனக்குத் தெரியும். மேகம் என்று ஏன் எழுதினார் என்று கேட்க ஒரே ஆள்தான் இருந்தார். சித்தப்பாவோடு அதே லேபில் வேலை பார்த்துவிட்டு இப்போது தவளக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நோட்டைக் காட்டினேன். படித்தார், மூடினார். “சொன்னா புரியாது தம்பி. ஏத்திப் பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம்.” அடுத்த வாரம் போனேன், அதே பதில். மூன்றாம் முறை கடை சாத்தும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“பாகூர் ஏரித் தண்ணி யாருது?”

“ஊருது.”

“உன் கழனிக்கு எப்ப, எவ்வளவு வரணும்னு யாரு பாக்கறது?”

“மடை தொறக்கறவரு.”

“அவ்வளவுதான் கிளவுட்டு. பத்து கம்ப்யூட்டரோட பலத்த ஒண்ணா தேக்கறது ஏரி. கேக்கறவனுக்கு வேணுங்கற அளவு தொறந்து விட்டுட்டு, வேலை முடிஞ்சதும் அடைக்கறது மடை. அந்த மடை ஒரு மென்பொருளு. அதுக்கு ஒருத்தன் யூகலிப்டஸ்னு பேரு வெச்சான்.”

பிறகு ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டினார். ஒரு கணினியை உள்ளுக்குள்ளேயே பல கணினிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டு ஓடும். இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அவற்றைச் சுமக்கும் இரும்புப் பெட்டிதான் நோட். மாணவர் ஒருவர் கணினி வேண்டும் என்று கேட்டால் தலைமைக் கட்டுப்பாட்டு நிரல் எந்த நோடில் இடம் இருக்கிறது என்று பார்க்கும். அந்த நோட், வால்ரஸ் என்ற கிடங்கிலிருந்து இயங்குதளத்தின் படியை எடுத்து ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பும். அதற்குக் கட்டுப்பாட்டு நிரல் முகவரி கொடுக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கணினியை அழித்துவிடும். அந்த இடம் அடுத்தவருக்கு.

“அப்ப 2 நோட்டுங்கறது?”

“ரெண்டு கம்ப்யூட்டரு. கூட ஒண்ணு கட்டுப்பாட்டுக்கு. மொத்தம் மூணு. சென்னை ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டு, ஒண்ணு ஆறாயிரம். நான்தான் கூடப் போனேன்.”

மூவாறு பதினெட்டு. தெரு விளக்கு வெளிச்சத்தில் ஷட்டருக்கு வெளியே கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

மற்றதையெல்லாம் நானே தேடிப் படித்தேன். 2006-இல் அமேசான், கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. அந்த ஏற்பாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் பார்க்க வழியில்லை. கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் ரிச் வோல்ஸ்கி என்ற பேராசிரியரின் குழு, அமேசானுக்குக் கொடுக்கும் அதே கட்டளைகளுக்குக் கீழ்ப்படியும் ஒரு மடையைக் கட்டி, 2008-இல் மூல நிரலோடு வெளியிட்டது. ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் யூகலிப்டஸ் என்று வரும். 2009 அக்டோபரில் வந்த உபுண்டு 9.10 இதைத் தன் சிடியிலேயே சேர்த்துக் கொடுத்தது. இயங்குதளத்தை நிறுவும்போதே மேகத்தையும் நிறுவலாம். யூகலிப்டஸ் இலையைத் தின்னும் கோலாவின் பெயரை அந்தப் பதிப்புக்குத் தெரிந்தேதான் வைத்தார்கள்.

சித்தப்பாவின் கையில் இருந்தது அந்தச் சிடி. அந்த வருஷம் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் எதைச் சோதித்துக்கொண்டிருந்தனவோ, அதையே இவர் தன் கல்லூரி லேபில் சோதித்துக்கொண்டிருந்தார். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதும் கணியம் மின்னிதழ்கூட 2012-இல்தான் தொடங்கியது. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் விளக்கம் வைத்திருக்கிறார். ஒரு கணினிக்கு நேராக “வி.எம்.எக்ஸ் இல்லை, இதைக் கட்டுப்பாட்டுக்கு வைப்போம்” என்றிருக்கிறது. மெய்நிகர் கணினிகளைச் சுமக்கும் வசதி செயலியிலேயே இருந்தால்தான் அதை நோடாக வைக்கலாம். வி.எம்.எக்ஸ் என்பது அந்த வசதிக்கான அடையாளம். கட்டுப்பாட்டுக்கு அது தேவையில்லை. கிடைத்த பழைய பெட்டியை வீணாக்காமல் அதற்கேற்ற இடத்தில் வைத்திருக்கிறார்.

அப்படியானால் ஏன் விட்டார்? 2011 நடுவில் நோட்டு நின்றுவிடுகிறது. கடைசிப் பக்கத்தில், “யூகலிப்டஸ் வேண்டாம். நோவா.”

இந்தக் கேள்வி தைலமரக் கதையை விட அதிகமாக என்னைப் பிடித்துக்கொண்டது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் நெபுலா என்ற பெயரில் தன் மேகத்தை முதலில் யூகலிப்டஸில்தான் கட்டியது. அவர்களுடைய அளவுக்கு அது தாங்கவில்லை. திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்றால், யூகலிப்டஸுக்கு அதற்குள் ஒரு நிறுவனம் வந்து, சில பகுதிகளைத் திறந்தும் சில பகுதிகளைக் காசுக்கும் வைத்திருந்தது. மூடிய பகுதியில் வெளியார் கை வைக்க முடியாது. ஆகவே பைத்தான் மொழியில் புதிதாக ஒரு மடையை எழுதினார்கள். அதுதான் நோவா. 2010 ஜூலையில் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தங்கள் நிரல்களை ஒன்றாகச் சேர்த்து ஓபன்ஸ்டாக் என்று அறிவித்தன. 2011-இல் உபுண்டுவும் யூகலிப்டஸை விட்டு ஓபன்ஸ்டாக்குக்கு மாறியது. சித்தப்பாவும் அதே வருஷம்தான் மாறியிருக்கிறார். பாதித் திறந்த கதவு அவருக்கும் போதவில்லை என்றே நினைக்கிறேன்.

யூகலிப்டஸ் நிறுவனத்தை 2014-இல் ஹெச்பி வாங்கியது. ஓபன்ஸ்டாக் பதிப்புகளுக்கு ஆங்கில அகர வரிசையில் பெயர் வைத்து, ஆஸ்டினில் தொடங்கி 2022-இல் கடைசி எழுத்தைத் தொட்டு, மறு வருஷம் மறுபடி முதல் எழுத்துக்குத் திரும்பினார்கள். ஜெனிவாவில் அணுத்துகள் ஆராயும் செர்ன் மையத்தின் கணினிகள் 2013 முதல் அதில்தான் ஓடுகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு ஒரு மேகத் தொகுப்பைக் கட்டி மேக்தூத் என்று பெயரிட்டது. காளிதாசனின் காவியப் பெயர். நமக்கு மேகவிடு தூது.

இவ்வளவு படித்த பிறகும் தவளக்குப்பத்துக்காரர் கேட்டது, “ஏத்திப் பாத்தியா?” என்றுதான்.

ஏற்றினேன். பதினாறு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்றில் உபுண்டு போட்டு, அதன்மேல் டெவ்ஸ்டாக். ஓபன்ஸ்டாக்கின் முக்கியப் பகுதிகளை ஒரே கணினியில் எழுப்பிக் காட்டும் பயிற்சித் தொகுப்பு இது. ஒரே கட்டளைதான். அரை மணி நேரம் திரையில் எழுத்துகள் ஓடி, கடைசியில் ஒரு முகவரி வந்தது. உலாவியில் திறந்தால் ஹொரைசன் என்ற முகப்பு. ஆளை அடையாளம் பார்க்க கீஸ்டோன், இயங்குதளப் படிகளை வைக்க கிளான்ஸ், வலையமைப்புக்கு நியூட்ரான், வட்டுக்குச் சிண்டர், கணினியை எழுப்ப சித்தப்பாவின் நோவா. பழக்குவதற்கென்றே சிர்ராஸ் என்ற மிகச் சிறிய லினக்ஸும் கூடவே வருகிறது. அதைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினேன். சில நொடிகளில், கணினிக்குள் ஒரு கணினி. பயனர் பெயர் சிர்ராஸ், கடவுச்சொல் ‘கோகப்ஸ்கோ’. சிகாகோ பேஸ்பால் அணி ஒன்றுக்காக அதன் ரசிகர்கள் பாடும் பாட்டு அது.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது நான் எழுப்பிய எதுவும் எழவில்லை. தவளக்குப்பத்துக்குப் போன் போட்டேன். “டெவ்ஸ்டாக் பழகுற களம் தம்பி, குடியிருக்கற வீடு இல்ல. திருப்பி ஏத்து. உங்க சித்தப்பா இருபது வாட்டி ஏத்துனாரு” என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. அமேசானிடம் வாடகைக்கு எடுப்பது லாரித் தண்ணி வாங்குவது மாதிரி, அதுவும் தவறில்லை, அவசரத்துக்கு அதுதான் வரும் என்றார். ஏரி என்றால் தூர்வார வேண்டும், கரையைக் காக்க வேண்டும், அதற்கு ஊரில் ஆள் வேண்டும். மென்பொருள் இலவசம், ஆள் இலவசமில்லை. சித்தப்பாவுக்குப் பிறகு லேபுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. அவர் போனதும் மூன்று கணினிகளும் லேபின் பரணில் ஏறின.

ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். தோப்பும் இல்லை, நோட்டும் இல்லை, ஏமாந்ததும் இல்லை, பசங்க படிக்க மூணு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கார் என்று. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்” என்றாள்.

பரணிலிருந்து இறக்கியதில் இரண்டு ஓடுகின்றன. இன்றைய ஓபன்ஸ்டாக்கை அவை தாங்காது, ஆனால் அந்தப் பழைய சிடியின் நகலில் யூகலிப்டஸ் எழுகிறது. வால்ரஸுக்கு இப்போதும் இடம் பற்றவில்லை. நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றாடம் புழங்கும் கணினியில் டெவ்ஸ்டாக்கை ஏற்றாதீர்கள், இயங்குதளத்தின் அமைப்பையே அது மாற்றிவிடும். வேறு ஒரு பழைய பெட்டி தேடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.