மேகத்தில் ஒரு கணக்குப் புத்தகம்

2021 டிசம்பர் 18. சிலாங்கூரில் விடாமல் பெய்த மழையில் ஷா ஆலாமில் உள்ள எங்கள் தாமானும் மூழ்கியது. அப்பாவின் மளிகைக் கடையில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டைகளோடு, கல்லா மேசைக்குக் கீழே இருந்த கணினியும் போயிற்று. அரிசிக்காக நான் அழவில்லை, கணினிக்காக அழுதேன்.

காரணம் இருக்கிறது. அப்பா முன்பெல்லாம் கடன் கணக்கை ‘555’ குறிப்புப் புத்தகத்தில்தான் எழுதி வந்தார். ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான், “இந்தக் காலத்தில் புத்தகமா?” என்று எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினேன். நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு சிலர் தாமாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. “அவங்க வீட்லயும் தண்ணிதானேய்யா” என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தமிழ்ப்பள்ளியில் எனக்கு மேகம் என்றால் மழை. இடைநிலைப்பள்ளியில் அது ‘அவான்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்கு வந்த பிறகுதான் மேகக் கணிமை அறிமுகமானது. எங்கோ இருக்கும் பெரிய கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான் அது. விடுமுறையில், “கணக்கையெல்லாம் மேகத்தில் வைத்துவிடலாம்பா” என்றேன். “மழையைக் கொண்டு வந்ததே மேகம்தான். அதுக்கிட்டயே கணக்கைக் கொடுக்கச் சொல்றியா?” என்று சிரித்தார்.

சிரித்தாலும் சம்மதித்தார். ஆனால், தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு மதியம் முழுவதும் இணையம் இல்லை. ரசீது போட முடியாமல் வரிசை வாசல் வரை நின்றதாம். அப்பா மீண்டும் பேனாவை எடுத்தார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.

கடையில் மட்டும் வைத்தால் வெள்ளம். மேகத்தில் மட்டும் வைத்தால் இணையம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் பிறந்ததுதான் கலப்பு மேகம். நிறுவனம் தனக்கென்றே வைத்திருக்கும் தனி மேகமும், பலருக்கும் வாடகைக்கு விடப்படும் பொது மேகமும் தனித்தனியாக இருந்துகொண்டே, தரவுகள் இரண்டுக்குமிடையே போய்வரும்படி இணைக்கப்படுகின்றன. ஒரு கடைக் கணினியைத் தனி மேகம் என்று எழுதினால் என் விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆனாலும் எடைபோட வேண்டிய கேள்விகள் வங்கிக்கும் மளிகைக் கடைக்கும் ஒன்றுதான். எது நின்றால் வியாபாரம் நிற்கும்? எது தொலைந்தால் மீட்க முடியாது? எது வெளியே தெரியக்கூடாது?

ரசீது போடுவது கடைக் கணினியிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். விற்பனைக் கணக்கின் நகல் இரவில் மேகத்துக்குப் போகும். வருமான வரிக்காக அதை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமே. கணினிக்கு ஒருமுறை பணம், மேகத்துக்கு மாதாமாதம் வாடகை. இரண்டையும் வைத்தால் இரண்டு செலவும் உண்டு. பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். எங்கள் கடையில் அந்த ஆள் நான். சம்பளம் கிடையாது.

கடன் கணக்கில்தான் அப்பா அசையவில்லை. “யாருக்கு எவ்வளவு பாக்கின்னு கடையை விட்டு வெளியே போகக்கூடாது.” 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவர் படித்ததில்லை. படித்த எனக்கு அந்த எண்ணம் முதலில் வரவில்லை. கடைசியில், வாடிக்கையாளருக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணும் தொகையும் மட்டும் மேகத்துக்கு அனுப்பினோம். எந்த எண் யாருடையது என்பது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் புதிய ‘555’ புத்தகத்தில். அதன் நகல் ஒன்று ஈப்போவில் அத்தை வீட்டு அலமாரியில்.

நண்பர்களே, நாளை நீங்களும் ஏதோ ஒரு நிறுவனத்தில் இப்படி முடிவெடுக்க அமர்வீர்கள். விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், அந்தக் கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

சென்ற விடுமுறையில் ஓர் இரவு பெருமழை. கடைக்கதவை இறக்கிவிட்டு அப்பா கேட்டார், “மேகத்துக்குப் போயிருச்சா?”

“போயிருச்சுப்பா.”

சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு குடையை விரித்தார்.