ஒரு மாதத் தவணை

விருத்தாசலத்து வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தபோது அதற்கு வயது 2 மாதம். என் பெண்ணுக்கு ஒன்றரை வருஷம். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன ஊர் அல்லவா! குட்டியையும் பொம்மையென்றே எண்ணி வாலைப் பிடித்து இழுத்தாள். அது விரலைக் கவ்விவிட்டது. ரத்தம் இரண்டு சொட்டு.

சோப்புப் போட்டு 15 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டார்கள். 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்டாரே, அந்த ஊசியின் வம்சம்.

"எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்றாள் மனைவி. ஒரு மாதம் தவணை வாங்கினேன்.

பால்பல் விழத் தொடங்குமுன் பழக்கிவிட வேண்டும். பல் பட்டால் உடனே விளையாட்டு நின்றுவிடும், நக்கினால் பிஸ்கோத்து. குட்டி பத்தே நாளில் தேறியது. பெண்தான் மந்தம், வாலை விட மனசில்லை. இருவரையும் தனியே விடுவதேயில்லை.

நேற்றோடு தவணை முடிந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் குட்டிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.