சுருங்கினால் சுருங்கட்டும்

லெதர் கோரல் என்னும் மென்பவளம் சுருங்கிக்கொண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது. மென்பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், யாரும் கேட்பதில்லை. காளான் குடைபோல விரிந்து, மேலெல்லாம் பாலிப்கள் அசைய நிற்கும் சார்கோஃபைட்டன் வகை லெதர் கோரல் ஒருநாள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தோலில் மெழுகுப் படலம் மினுங்கும். "செத்துப்போச்சா, அண்ணாச்சி?" என்பார் வீட்டுக்கு வருகிறவர். வளர்ப்பவரும் பதறி இடத்தை மாற்றுவார், மருந்து ஊற்றுவார், தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அது தோலோடு உரித்துப்போடுகிறது, அவ்வளவுதான். சில நாளில் முடியும். இரண்டு வாரமும் இழுக்கலாம். உரிந்ததை அடித்துக்கொண்டு போக நீரோட்டம் வேண்டும். வேவ்மேக்கரை நேரே முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் திருப்பினால் போதும். சந்தேகம் தீரவில்லையென்றால் கண்ணைவிட மூக்கை நம்புங்கள். அழுகும் பவளத்தின் நாற்றத்தை மறைக்கவே முடியாது.

லெதர் கோரல் இப்படித் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. கல்பவளம் சுண்ணாம்புக் கூடு கட்ட வேண்டும்; அதற்குக் கால்சியமும் காரத்தன்மையும் நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். மென்பவளத்தின் சதைக்குள் பொடிப்பொடிச் சுண்ணாம்பு ஊசிகள் மட்டுமே. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, காரத்தன்மை 8 டி.கே.ஹெச். அளவில் நின்று, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாறினால் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் நைட்ரேட் இருப்பதும் அதற்குப் பிடித்தமே. தண்ணீரை அளவுக்கு மீறிச் சுத்தப்படுத்தும் ஆர்வலர்கள் வீட்டில்தான் மென்பவளம் வாடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாவூர்சத்திரத்தில் பெரிய கவலை வெயில். சித்திரையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால், பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பாறைகள் வெளுத்ததற்கும் கடல் சூடானதுதான் காரணம். சில்லர் வாங்க எல்லோராலும் முடியாது. தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று படும்படி ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், போர் தண்ணீரை ஊற்றினால் அதில் கரைந்திருப்பதெல்லாம் சேரும். ஆனியில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் கட்டினால் ஃபேனுக்கு ஓய்வு. ஆனால் அதே காற்றில் கரண்ட் போகும். பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் கடல் தொட்டி வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

இவ்வளவு சாதுவாகத் தெரியும் ஜீவன் சண்டைக்காரன். சார்கோஃபைட்டனும் சைனுலேரியா என்னும் மென்பவளமும் டெர்பீன் என்னும் ரசாயனங்களைத் தண்ணீரில் கசியவிட்டு அக்கம்பக்கத்துக் கல்பவளத்தை வளரவிடாமல் செய்யும். கார்பன் போட்டால் கொஞ்சம் அடங்கும். சின்னத் தொட்டியில் மென்பவளத்தையும் கல்பவளத்தையும் சேர்க்காமல் இருப்பதே மேல். மீனுக்கு வெண்புள்ளி வந்தால் கடையில் கொடுக்கும் செப்பு மருந்தை மட்டும் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

வெட்டினால் பிழைப்பதில் லெதர் கோரலுக்கு ஈடு இல்லை. கூரான பிளேடால் குடையை அறுத்தெடுத்தால் மீந்த தண்டு மறுபடி குடை பிடிக்கும். அறுத்த துண்டில் வழவழப்பு ஊறுவதால் பசை நிற்காது; சின்னக் கல்லில் வைத்து, வலைத்துணி சுற்றி, நூலால் தளர்வாகக் கட்டினால் சில வாரத்தில் வேர்பிடித்தாற்போல ஒட்டிக்கொள்ளும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் பவளம்போன்ற ஸோவாந்திட்கள் இருந்தால் கட்டாயம். அவற்றில் சிலவற்றிலுள்ள பாலிடாக்சின் ஆளையே கொல்லும்.

தூத்துக்குடிக்குப் போகும்போது ஒரு பவளக்கல் எடுத்துவரச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். கல்பவளம், கருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாம் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. செத்த கல்லும் சட்டத்துக்கு உட்பட்டதே. கல்லுக்கு சிமெண்ட்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, காரம் முழுக்க இறங்கிய பிறகு கொண்டுவாருங்கள். என் தொட்டியிலிருந்து ஒரு துண்டு அறுத்துக் கட்டித் தருகிறேன்.