மருமகன் கன்னத்துச் சிவப்பு



ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். அதற்காக இந்தச் சுவர் இதழில் ஏதாவது எழுதச் சொன்னார்கள். 'தாய்ப்பாலின் பெருமை' என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக் கொள்ளலாம்.

என் அக்காவுக்குப் பிப்ரவரியில் எங்கள் வீட்டில் வைத்துப் பையன் பிறந்தான். பதினைந்து வயசிலேயே நான் தாய்மாமன்! பிறந்த மூன்றாம் நாள் அவன் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. எல்லாரும் பதறிவிட்டோம். நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "பிறந்த குழந்தைங்க நிறைய பேருக்கு வர்றதுதான், தானா மறைஞ்சிடும்" என்றார். அப்படியே ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. குழந்தைக்குத் தோலில் ஏதாவது வந்தால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மே மாதம் அக்காவுக்கு பி.எட். பரீட்சை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பரீட்சை நாளில் மட்டும் பகலில் டின் பால் கொடுப்பது என்று முடிவானது. எனக்கு லீவு. அம்மா சமையலில் இருப்பதால் பால் கரைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொழுகொழு குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை. தாய்ப்பாலே சிறந்தது என்றுதான் எழுதியிருந்தது. 1992-ல் வந்த சட்டத்தின்படி பால் பவுடர் டின்னில் குழந்தை படமோ தாய் படமோ போடக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது என்று பிறகு தெரிந்து கொண்டேன். 2003-ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

நாலைந்து நாளில் பையனுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று ஆனது. முழங்கை மடிப்பிலும் அப்படியே. ராத்திரி முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுவான். சளி மாதிரி வெளிக்கிப் போனான்.

உடனே வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். எதிர் வீட்டு அத்தை, "அக்கினி நட்சத்திரம், வேர்க்குருதான்" என்றார்கள். பக்கத்து வீட்டில், "திருஷ்டி, சுத்திப் போடுங்க" என்றார்கள். மருந்துக் கடையில், "வேற டின் மாத்திப் பாருங்க" என்றார்கள். பாட்டி மட்டும் தீர்மானமாகச் சொன்னது: "இது கரப்பான். தாய்க்காரி வாயைக் கட்டல. ஞாயித்துக்கிழமை கத்திரிக்கா சாம்பார் தின்னாளே, அப்பவே நெனச்சேன்."

அன்றிலிருந்து அக்காவுக்குப் பத்தியம். மிளகு ரசம், பூண்டு, சுட்ட அப்பளம், சோறு. அவ்வளவுதான். பரீட்சைக்குப் படித்துக் கொண்டு, ராத்திரி கண் விழித்துக் கொண்டு, அரை வயிறு சாப்பிட்டுக் கொண்டு அக்கா ஒரே வாரத்தில் இளைத்துப் போனாள். பால் வேறு குறைந்துவிட்டது. ஒரு ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது இருட்டில் உட்கார்ந்து அழுது கொண்டிருந்தாள். "என் பாலே அவனுக்கு விஷமாயிடுச்சாடா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் அறிவியல் சார் சொல்வது ஞாபகம் வந்தது. "பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாதே." பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், என்ன பால், எவ்வளவு, தோல் எப்படி இருக்கு, வெளிக்கி எப்படி இருக்கு, அக்கா என்ன சாப்பிட்டாள். ஞாபகம் இருந்தவரை முன்னாடி நாட்களையும் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். "ஆம்பளப் பையன் செய்யற வேலையைப் பாரு" என்று அம்மா சிரித்தார்கள்.

ஒன்பது நாள் ஆனதும் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் டாக்டரம்மா பையனைப் பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்தார்கள். டின் பால் குடித்த நாளில் எல்லாம் அரை மணிக்குள் வாயைச் சுற்றித் தடிப்பு. தாய்ப்பால் மட்டும் குடித்த நாளில் ஒரு தடவைகூட இல்லை. கத்திரிக்காய் சாம்பார் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையும் அதில் ஒன்று!

"எல்லாத்தையும் எழுதிட்டியா தம்பி? விட்டது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்கள்.

விட்டது ஒன்று இருந்தது. முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று டின்னில் போட்டிருக்கிறது. பையன் ஒல்லியாக இருக்கிறானே, சீக்கிரம் கொழுகொழுவென்று ஆகட்டும் என்று மூன்று நாள் நானாக ஒரு கரண்டி கூடப் போட்டேன். திட்டு விழும் என்று நோட்டில் எழுதவில்லை. நாம் செய்முறை ஏட்டில் விடையைப் பார்த்துவிட்டு அளவை மாற்றி எழுதுவோமே, அதே புத்தி. என்னால்தான் இவ்வளவும் என்று உள்ளுக்குள் பயந்து கொண்டே இருந்தேன். தலையைக் குனிந்து கொண்டு சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "தடிப்பு அதனால வரல. ஆனா பவுடர் கூடினா தண்ணி பத்தாது. பிஞ்சுச் சிறுநீரகத்துக்குப் பாரம். உடம்புல நீர் வத்திடும். குறைச்சாலும் தப்பு, குழந்தைக்குச் சத்துப் பத்தாது. சொன்ன அளவுதான்" என்றார்கள். அதன் பிறகுதான் விளக்கினார்கள்.

டின் பால் பெரும்பாலும் பசும்பாலில் இருந்துதான் செய்கிறார்கள். அதில் கேசீன், வே என்று புரதங்கள் இருக்கின்றன. சில குழந்தைகளின் உடம்பு அந்தப் புரதத்தை எதிரி என்று தப்பாக நினைத்துச் சண்டை போடுகிறது. இதுதான் அலர்ஜி, தமிழில் ஒவ்வாமை. (அலர்ஜி என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்கே. அவரும் குழந்தை மருத்துவர்தான்!) சிலருக்குக் குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். நூறு குழந்தையில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இது வரும். அதனால் தடிப்பைப் பார்த்த உடனே பால்தான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. பால் சர்க்கரை செரிக்காமல் போவது வேறு, இது வேறு.

"டின்னை நிறுத்திப் பார்ப்போம். ஆட்டுப்பாலும் வேண்டாம், அதுலயும் கிட்டத்தட்ட இதே புரதம்தான். நீ எல்லாம் சாப்பிடும்மா, உன் பால்ல ஒரு குறையும் இல்ல" என்றார்கள். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். இந்தத் தடவை வேறு அழுகை.

மீதிப் பரீட்சைக்கு அக்கா பாலைச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். பாட்டிக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் பரணில் இருந்து பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கொடுத்தது பாட்டிதான். "புட்டி எதுக்கு, கழுவவே வராது" என்றது. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதும் சரி என்றார்கள். பவுடரும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றார்கள். ஆக பாட்டி பாதி பாஸ்!

இரண்டு வாரத்தில் கன்னம் தெளிந்தது. ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துச் சில சொட்டு டின் பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணிக்குள் உதட்டோரம் மறுபடி தடிப்பு. உறுதியாகிவிட்டது. இன்னும் பல மாதங்களுக்குப் பால், தயிர், பால் சேர்த்த பிஸ்கட் எதுவும் கூடாது. பிறகு அவர்களே மறுபடி சோதித்துப் பார்ப்பார்களாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடுமாம்.

போன வாரம் அவனுக்குச் சோறு ஊட்டினோம். யாரோ பால் பாயசத்தை விரலில் தொட்டு நாக்கில் வைக்க வந்தார்கள். பாட்டி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. "டேய், நோட்டை எடுத்துட்டு வந்து காட்டுடா!"

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாப்பா இருக்கலாம். நினைவில் வையுங்கள்:

★ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். முடியாத தாய்மார்களைக் குறை சொல்லாதீர்கள்.
★ பார்த்ததை எழுதுங்கள். நம் தப்பையும் சேர்த்து எழுதுங்கள்.
★ டாக்டரைக் கேட்காமல் டின்னை மாற்றாதீர்கள், தாய்க்குப் பத்தியம் போடாதீர்கள்.
★ உதடு, கண் வீங்கினால், மூச்சு இழுத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், குழந்தை துவண்டு போனால் காத்திருக்காதீர்கள். உடனே 108!



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் (ஒரு தாய்மாமன்)