நூல்தானே என்று விடாதீர்கள்

பூனை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், நாடா இழுத்த பாவாடைபோலக் குடல் சுருங்கிவிடும்.

எங்கள் மணி பூக்கட்டும் நூலை விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் வாந்தி, சாப்பாடும் இல்லை. பின்பக்கம் நூல்முனை தொங்கியது. பேரன் இழுக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தால் நூல் குடலையே அறுத்துவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அறுவை சிகிச்சை செய்து எடுத்தார், பிழைத்தாள்.

நூல் இரைப்பையில் இருக்கும்போதே போனால் எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துவிட வாய்ப்புண்டு. எண்ணெய் புகட்டாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

தையல் நூல், ஊசி, பட்டக்கயிறு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், பிள்ளைகளே.